குறைந்த செலவில் காரின் சஸ்பென்ஷனைத் தாழ்த்துதல்

காரின் சஸ்பென்ஷனைத் தாழ்த்துதல் என்பது, தொழிற்சாலையில் அமைக்கப்பட்ட உயரத்தைக் காட்டிலும் காரின் உடல் சாலைக்கு நெருக்கமாக நிற்கும்படி ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் முதலிய பாகங்களை மாற்றுவதாகும். தோற்றத்திற்காகவும், வளைவுகளில் கார் குறைவாகச் சாய வேண்டும் என்பதற்காகவும் இது செய்யப்படுகிறது. பெரும்பாலும் பழைய சிறிய கார்களை வைத்திருக்கும் இளைஞர்களே இதில் ஆர்வம் காட்டுவதால், செலவைக் குறைக்கும் வழிகள் அதிகம் தேடப்படுகின்றன. அவற்றில் சில பாதுகாப்பானவை. வேறு சில, பிரேக் பிடிக்கும்போதோ பள்ளத்தில் இறங்கும்போதோ காரைக் கட்டுப்பாடு இழக்கச் செய்பவை. இவ்விரண்டையும் பிரித்தறிய, சஸ்பென்ஷன் வேலை செய்யும் முறையைத் தெரிந்துகொள்வது அவசியம்.

சஸ்பென்ஷன் வேலை செய்யும் முறை

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். மேடு பள்ளத்தில் ஸ்பிரிங் அமுங்கி விரியும்போது உண்டாகும் ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். இதற்குள் இருக்கும் எண்ணெய் சிறு துளைகள் வழியாகத் தள்ளப்படுவதால் ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறி வெளியேறுகிறது.

கார் நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் நகர இடம் உண்டு. மேல்நோக்கிய நகர்வின் எல்லையில் பம்ப் ஸ்டாப் எனப்படும் ரப்பர் அல்லது நுரைக் கட்டை இருக்கும். கீழ்நோக்கிய நகர்வின் எல்லையைப் பல கார்களில் ஷாக் அப்சார்பரின் நீளமே தீர்மானிக்கிறது. கார் தாழ்த்தப்படும்போது, மேல்நோக்கிய நகர்வுக்கான இடம் தாழ்த்திய அளவுக்குக் குறைகிறது. இதைத் தொடர்ந்து வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு மாற்றத்திலிருந்தே பிறக்கின்றன.

சிறிய கார்களின் முன்பக்கத்தில் பரவலாகக் காணப்படுவது மெக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்பெர்சன் பெயரால் வழங்கும் இவ்வமைப்பு, 1950இல் அறிமுகமான ஃபோர்டு கான்சல் காரில் இடம்பெற்றது. இதில் ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் சேர்ந்து ஒரே தூணாக நின்று சக்கரத்தைப் பிடித்திருக்கும். 1974இல் வெளிவந்த முதல் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் காரில் முன்பக்கம் இவ்வமைப்பும், பின்பக்கம் முறுக்கு விட்டம் எனப்படும் டார்ஷன் பீமும் இருந்தன. மலிவாகக் கிடைத்ததாலும் பாகங்களை எளிதில் கழற்றி மாட்ட முடிந்ததாலும், ஐரோப்பாவில் தாழ்த்தப்பட்ட கார் என்றதும் நினைவுக்கு வரும் கார்களில் ஒன்றாகக் கோல்ஃப் ஆனது.

வரலாறு

1940களில் அமெரிக்காவின் தெற்குக் கலிஃபோர்னியாவில் வாழ்ந்த மெக்சிக வம்சாவளி இளைஞர்களிடையே லோரைடர் எனப்படும் தாழ்ந்த கார்களின் பண்பாடு வளர்ந்தது. பழைய கார்களை வாங்கி, பின்பெட்டியில் மணல் மூட்டைகளை ஏற்றியும் ஸ்பிரிங்குகளை வெட்டியும் அவர்கள் தாழ்த்தினர். செலவில்லாத தாழ்த்தலின் தொடக்க வடிவங்கள் இவை. 1950களின் இறுதியில், சக்கர விளிம்பின் அடிமட்டத்தைவிடக் கீழே காரின் வேறெந்தப் பாகமும் இறங்கியிருக்கக் கூடாது என்று கலிஃபோர்னியா சட்டம் இயற்றியது. அதே காலத்தில் ரான் அகீரே தம் காரில் ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தி, வேண்டும்போது உயர்த்தவும் தாழ்த்தவும் வழி செய்தார். இந்தத் தடை 2023இல் நிறைவேறிய சட்டத்தின் மூலம் நீக்கப்பட்டது. அந்நீக்கம் 2024 முதல் நடைமுறைக்கு வந்தது.

ஐரோப்பாவில் 1976இல் விற்பனைக்கு வந்த கோல்ஃப் ஜிடிஐ, சாதாரண கோல்ஃபைவிடத் தாழ்வாகவும் விறைப்பாகவும் அமைந்திருந்தது. 1982இல் ஆஸ்திரியாவின் வோர்தர் ஏரிக் கரையில் தொடங்கிய ஜிடிஐ சந்திப்புகள், தாழ்த்தப்பட்ட கார்களின் பெரும் காட்சிக்களமாக வளர்ந்தன.

தாழ்த்துவதால் கிடைக்கும் பயன்

கார் வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு எடை மாறுகிறது. மாறும் எடை, ஈர்ப்பு மையத்தின் உயரத்துக்கு நேர் விகிதத்திலும் சக்கரங்களுக்கு இடையிலான அகலத்துக்கு எதிர் விகிதத்திலும் இருக்கும். எடுத்துக்காட்டாக, 1200 கிலோ எடையும் 1.5 மீட்டர் சக்கர அகலமும் 55 செ.மீ. ஈர்ப்பு மைய உயரமும் கொண்ட கார், புவியீர்ப்பின் 0.6 மடங்கு பக்கவாட்டு முடுக்கத்தில் திரும்பினால் 264 கிலோ எடை மாறும். காரை 30 மி.மீ. தாழ்த்தினால் அது சுமார் 250 கிலோவாகக் குறையும். அதாவது 5 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமான பயனே கிடைக்கிறது. தாழ்த்திய கார் ஓட்டுநருக்கு மிகவும் இறுக்கமாகத் தோன்றுவதற்குப் பெரும்பாலும் உயரத்தைவிட ஸ்பிரிங்கின் விறைப்பே காரணம்.

மெக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்பில் ஓர் எதிர்விளைவும் உண்டு. கார் தாழும்போது அடிக்கை எனப்படும் லோயர் ஆர்ம், சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சாய்கிறது. இதனால், கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தச் சாய்வு மையம், ஈர்ப்பு மையத்தைவிட அதிகமாகக் கீழிறங்குகிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடுவதால் காரைச் சாய்க்கும் நெம்பு விசை வளர்கிறது. எனவே அளவுக்கு மீறித் தாழ்த்தப்பட்டு, ஸ்பிரிங் விறைப்பு கூட்டப்படாத கார் முன்னைவிட அதிகமாகச் சாயவும் கூடும்.

தாழ்த்தும் முறைகள்

தாழ்த்தும் ஸ்பிரிங்: குறிப்பிட்ட கார் வகைக்கென்றே நீளம் குறைத்து, விறைப்புக் கூட்டித் தயாரிக்கப்படுபவை. பழைய ஷாக் அப்சார்பர் நல்ல நிலையில் இருந்து, தாழ்த்தும் அளவும் சிறிதாக இருந்தால், முறையான வழிகளில் இதுவே செலவு குறைந்தது.

தொழிற்சாலை விளையாட்டு வகைப் பாகங்கள்: அதே காரின் விளையாட்டு வகையில் பொருத்தப்பட்ட ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் மாட்டுதல். நிறுவனமே வடிவமைத்த இணை என்பதால் நம்பகமானது. ஆனால் எஞ்சின் எடை வேறுபட்டால் ஸ்பிரிங்கும் வேறுபடும். எனவே அச்சின் எடைத் தாங்கும் அளவு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

காயிலோவர்: திருகு மரையுள்ள ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தொகுப்பு. உயரத்தை விருப்பம்போல் மாற்றலாம். மிக மலிவான தொகுப்புகளில் ஷாக் அப்சார்பரின் தரம் குறைவாக இருப்பதும், மரை துருப்பிடித்து இறுகிப்போவதும் அடிக்கடி காணப்படும் குறைகள்.

தாழ்த்தும் கட்டை: பட்டை வில் உள்ள வாகனங்களில், வில் அச்சுக்குக் கீழே அமைந்திருந்தால், இரண்டுக்கும் இடையில் கட்டை வைத்துப் பின்பக்கத்தை இறக்கலாம். சரியான நீளமுள்ள யூ போல்ட் தேவை.

டயர் மாற்றம்: வெளிவிட்டம் 600 மி.மீ. உள்ள டயருக்குப் பதில் 570 மி.மீ. டயர் போட்டால் கார் 15 மி.மீ. இறங்கும். சஸ்பென்ஷன் நகர்வு சிறிதும் குறையாது. ஆனால் வேகமானி உண்மையான வேகத்தைவிட ஏறக்குறைய 5 விழுக்காடு கூடுதலாகக் காட்டும். டயரின் எடைத் தாங்கும் குறியீடு காருக்குப் போதுமானதாக இருக்க வேண்டும்.

காற்று சஸ்பென்ஷன்: ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள். இதற்குக் கம்ப்ரெசர், தொட்டி, வால்வுகள் எல்லாம் தேவைப்படுவதால் குறைந்த செலவுக்குள் வராது.

வெட்டுதல், கவ்வுதல், சூடேற்றுதல்: செலவே இல்லாதவை என்று கருதப்படும் இம்மூன்றும் ஆபத்தானவை. சூடேற்றும் முறையில், தீச்சுடரால் ஸ்பிரிங்கைச் சிவக்கக் காய்ச்சித் தொய்ய விடுகின்றனர். ஸ்பிரிங் எஃகு கடினப்படுத்திப் பதமாக்கப்பட்ட எஃகு. பதமாக்கிய வெப்பநிலையைத் தாண்டிச் சூடேறிய இடம் மென்மையாகிவிடும். எந்த இடம் எவ்வளவு கெட்டது என்பது வெளியே தெரியாது. அத்தகைய ஸ்பிரிங் தொடர்ந்து தொய்யலாம், உடையவும் செய்யலாம். கவ்வும் முறையில் சுருள்களை இரும்புக் கிடுக்கியால் சேர்த்துப் பிடிக்கின்றனர். கிடுக்கி நழுவினால் ஒரு பக்கம் மட்டும் திடீரென உயரும்.

வெட்டிய ஸ்பிரிங்கின் கணக்கு

ஒரு சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு, வேலை செய்யும் சுருள்களின் எண்ணிக்கைக்கு எதிர் விகிதத்தில் இருக்கும். 8 சுருளில் ஒன்றை வெட்டினால் விறைப்பு ஏழில் எட்டு மடங்கு, அதாவது சுமார் 14 விழுக்காடு கூடும்.

கட்டற்ற நிலையில் 360 மி.மீ. நீளமும் 8 சுருளும் கொண்ட ஸ்பிரிங் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு சுருளுக்கு 45 மி.மீ. நீளம். ஒரு மி.மீ. அமுங்க 20 நியூட்டன் விசை தேவை. அதன்மேல் 3000 நியூட்டன் எடை அமர்ந்தால் அது 150 மி.மீ. அமுங்கி 210 மி.மீ. உயரத்தில் நிற்கும். ஒரு சுருளை வெட்டினால் நீளம் 315 மி.மீ. ஆகும். விறைப்பு கூடியதால் இப்போது 131 மி.மீ. மட்டுமே அமுங்கி 184 மி.மீ. உயரத்தில் நிற்கும். வெட்டியது 45 மி.மீ., கார் இறங்கியதோ 26 மி.மீ. மட்டுமே. இது போதவில்லை என்று நினைப்பவர் இன்னும் அரைச் சுருள் வெட்டுகிறார்.

ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. சக்கரம் முழுவதும் தொங்கும் நிலையில் ஸ்பிரிங்குக்குக் கிடைக்கும் இடத்தை ஷாக் அப்சார்பர் தீர்மானிக்கிறது. அந்த இடம் 310 மி.மீ. என்று கொள்வோம். வெட்டாத ஸ்பிரிங் 360 மி.மீ. என்பதால் அப்போதும் 50 மி.மீ. அமுங்கி, தன் இருக்கையில் உறுதியாக இருக்கும். ஒரு சுருள் வெட்டினால் 5 மி.மீ. அமுக்கமே எஞ்சும். ஒன்றரைச் சுருள் வெட்டினால் நீளம் 292.5 மி.மீ. ஆகி, 17.5 மி.மீ. இடைவெளியுடன் ஸ்பிரிங் தளர்ந்து ஆடும். மேட்டைக் கடந்து சக்கரம் தொங்கும் நொடியில் ஸ்பிரிங் இருக்கையை விட்டு விலகி, எடை திரும்பும்போது தவறான இடத்தில் அமரலாம். வெட்டிய நுனி இருக்கையின் வடிவத்தோடு பொருந்தாததால் இந்த வாய்ப்பு மேலும் கூடுகிறது.

எந்த முறையில் தாழ்த்தினாலும், சக்கரம் முழுவதும் தொங்கும்போதும் ஸ்பிரிங் அமுங்கிய நிலையிலேயே இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்பிரிங்கைக் கையால் அசைத்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

எவ்வளவு தாழ்த்தலாம்

சக்கரம் ஒரு மேட்டில் ஏறும்போது ஸ்பிரிங் ஏற்க வேண்டிய ஆற்றல், விறைப்பையும் நகர்வின் இருபடியையும் பொறுத்தது. மேல்நோக்கி 80 மி.மீ. இடமுள்ள காரை 20 மி.மீ. தாழ்த்தினால் 60 மி.மீ. எஞ்சும். அதே மேட்டைப் பம்ப் ஸ்டாப்பில் மோதாமல் ஏற்க, ஸ்பிரிங் சுமார் 1.8 மடங்கு விறைப்பாக வேண்டும். 40 மி.மீ. தாழ்த்தினால் 4 மடங்கு வேண்டும். நடைமுறையில் அவ்வளவு விறைப்பான ஸ்பிரிங்கை அன்றாடக் காரில் யாரும் போடுவதில்லை. மீதியைப் பம்ப் ஸ்டாப் ஏற்கிறது.

வளைவின் நடுவே பம்ப் ஸ்டாப்பில் மோதும்போது அந்தச் சக்கரத்தின் விறைப்பு திடீரென உயர்ந்து, டயர் பிடிப்பை இழக்கிறது. அதிகம் தாழ்த்தப்பட்ட கார் ஈரச் சாலையில் எச்சரிக்கையின்றி வழுக்குவதற்கு இது ஒரு காரணம். அன்றாடப் பயன்பாட்டுக் கார்களில் தாழ்த்தல் பெரும்பாலும் 20 முதல் 40 மி.மீ. அளவில் நிறுத்தப்படுவதன் பொருள் இதுவே.

ஷாக் அப்சார்பரின் பங்கு

விறைப்பான ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்க அதிக அடக்கு விசை தேவை. தேவைப்படும் அடக்கு விசை, விறைப்பின் வர்க்க மூலத்துக்கு ஏற்பக் கூடுகிறது. விறைப்பு 30 விழுக்காடு கூடினால் அடக்கு விசை ஏறக்குறைய 14 விழுக்காடு கூட வேண்டும். தேய்ந்த ஷாக் அப்சார்பரின் மேல் புதிய விறைப்பான ஸ்பிரிங்கைப் போட்டால் கார் படகுபோல் துள்ளிக்கொண்டே இருக்கும். துள்ளும்போது டயர் சாலையை அழுத்தும் விசை மாறிக்கொண்டே இருப்பதால், பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் கூடும்.

சக்கரக் கோணங்களும் பிற பாகங்களும்

தாழ்த்திய காரில் கேம்பர் எனப்படும் சக்கரச் சாய்வும், டோ எனப்படும் முன்னோக்கிய திசைக்கோணமும் மாறுகின்றன. டயரின் உள்விளிம்பு விரைவில் தேய்வதற்குக் கேம்பரே காரணம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் டயரைப் பெரிதும் தின்பது டோ மாற்றமே. வீல் அலைன்மென்டைத் தவிர்த்து மிச்சப்படுத்தும் பணம் ஒரு ஜோடி டயரில் போய்விடும்.

ஸ்டியரிங்கின் டை ராடு, லோயர் ஆர்ம் ஆகியவற்றின் கோணங்கள் வெவ்வேறாகிவிட்டால், மேட்டில் ஏறும்போது சக்கரம் தானாகவே சிறிது திரும்பும். முன்சக்கர இயக்கமுள்ள கார்களில் டிரைவ் ஷாஃப்டின் மூட்டுகள் சாய்ந்த கோணத்தில் சுழல்வதால் விரைவில் தேயலாம்.

அதிகம் கவனிக்கப்படாத ஆபத்து பிரேக்கில் உள்ளது. கோல்ஃபின் பழைய தலைமுறைகள் போன்ற சில கார்களில், பின் அச்சோடு இணைந்த ஒரு வால்வு, பின்பக்கம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைக் கொண்டு பாரத்தை அறிந்து, பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிறது. காரைத் தாழ்த்திவிட்டு இவ்வால்வைச் சரிசெய்யாவிட்டால், காலியான காரும் பாரம் ஏற்றியதாகவே வால்வுக்குத் தோன்றும். பின் பிரேக்குக்கு அழுத்தம் அதிகமாகி, அவசரமாக மிதிக்கும்போது பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு கார் சுழலக் கூடும்.

முகப்பு விளக்கின் ஒளி விழும் உயரமும் மாறும். புதிய கார்களில் விளக்குக்கான உயர உணரிகள், ஓட்டுநர் உதவிக் கேமராக்கள் ஆகியவற்றையும் மறுசீரமைக்க வேண்டியிருக்கலாம்.

செலவைக் குறைக்கத் தக்க இடங்கள்

* பயன்படுத்திய ஸ்பிரிங் வாங்கலாம். ஷாக் அப்சார்பரைப்போல ஸ்பிரிங்கில் உள்ளே தேயும் பாகங்கள் இல்லை. வெட்டிய தடம், துரு, விரிசல் இல்லாமலும், தயாரிப்புக் குறியீடு படிக்கும்படியாகவும் இருக்க வேண்டும்.
* ஸ்ட்ரட்டைக் கழற்றும்போதே மேல் மவுன்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் ஆகியவற்றையும் மாற்றிவிட்டால் இரண்டாம் முறை வேலைக்கூலி மிச்சம்.
* ஷாக் அப்சார்பர் ஏற்கெனவே மாற்ற வேண்டிய நிலைக்கு வரும்வரை காத்திருந்தால், பராமரிப்புச் செலவும் தாழ்த்தும் செலவும் ஒன்றாகிவிடும்.
* போல்டுகளில் இரண்டு நாள் முன்னரே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வைத்தால் உடைவது குறையும்.

குறைக்கக் கூடாத இடங்களாகப் பயன்படுத்திய ஷாக் அப்சார்பர், தவிர்த்த வீல் அலைன்மென்ட், வெட்டிய ஸ்பிரிங், தரமற்ற ஸ்பிரிங் கம்ப்ரெசர் ஆகியவற்றைக் கூறலாம்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

ஸ்ட்ரட்டைப் பிரிக்கும் வேலையே இதில் மிக ஆபத்தான கட்டம். ஒரு மி.மீ.க்கு 25 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங் 150 மி.மீ. அமுக்கப்பட்ட நிலையில் சுமார் 280 ஜூல் ஆற்றலைச் சேமித்து வைத்திருக்கும். 10 கிலோ எடை ஏறத்தாழ 3 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஆற்றல் அது. கம்ப்ரெசர் நழுவினால் முகத்தையோ கையையோ நொறுக்கப் போதுமானது. சரியான கம்ப்ரெசர் இல்லாதவர், ஸ்ட்ரட்டை மட்டும் தாமே கழற்றி, ஸ்பிரிங் மாற்றுவதற்குப் பட்டறையில் கொடுத்தால் கூலியும் குறையும், உயிருக்கும் பாதுகாப்பு.

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் செல்லக் கூடாது. உறுதியான ஸ்டாண்டுகளில் காரை நிறுத்த வேண்டும். லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போல்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், கார் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கப்பட்டுக் கிழியும். கார் தன் எடையில் நிற்கும்போது இறுதியாக இறுக்குவதே முறை. புதிய ஸ்பிரிங் படிந்து அமரச் சில நாட்கள் ஓட்டிய பின் அலைன்மென்ட் செய்வது நல்லது.

சட்ட நிலை

ஜெர்மனியில் வாகனத்தில் செய்யும் மாற்றம் பிறருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடும் எனில் வாகனத்தின் இயக்க அனுமதியே செல்லாததாகும். எனவே ஸ்பிரிங்குகள் நிபுணர் அறிக்கையுடன் விற்கப்படுகின்றன. பொருத்திய பின் டிஇயூவி, டெக்ரா போன்ற அமைப்பின் ஆய்வாளர் பார்த்துச் சான்றளிக்க வேண்டும். ஜப்பானில் காலமுறை ஆய்வில் பொதுவாகக் குறைந்தது 9 செ.மீ. தரை இடைவெளி கேட்கப்படுகிறது.

இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இப்பிரிவைக் கண்டிப்பாகப் பொருள்கொண்டு தீர்ப்பளித்தது. எந்த நாட்டிலும் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம், விபத்தின்போது இழப்பீட்டைச் சிக்கலாக்கக் கூடும்.

சாலையும் தரை இடைவெளியும்

இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி, மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடக்க அமைக்கப்படும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டது. அந்த அளவில் கட்டப்பட்டதை மிதமாகத் தாழ்த்திய கார் மெதுவாகக் கடந்துவிடும். ஆனால் தெருக்களில் அளவின்றிக் குறுகலாகவும் கூர்மையாகவும் போடப்பட்ட தடைகளே அதிகம் என்பதை எல்லா ஓட்டுநர்களும் அறிவர். அவற்றில் முன்சக்கரம் இறங்கிப் பின்சக்கரம் ஏறும் முன், காரின் நடுப்பகுதி தடையில் உரசுகிறது. எஞ்சின் எண்ணெய்த் தொட்டி உரசி உடைந்தால் எண்ணெய் வடிந்து எஞ்சினே பழுதாகும். ஸ்பிரிங்கில் மிச்சப்படுத்திய பணத்தைப்போலப் பல மடங்கு அப்போது செலவாகும்.

ஆகவே வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுண்டு. காரில் வழக்கமாகப் பயணம் செய்யும் அனைவரையும் அமரவைத்து, அடிப்பகுதியின் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் தரைக்கும் உள்ள தூரத்தை அளந்து, அதிலிருந்து தாழ்த்த எண்ணும் அளவைக் கழிக்க வேண்டும். எஞ்சும் எண், நாள்தோறும் கடக்கும் தெருவின் வேகத்தடையைவிடப் போதிய அளவு பெரிதாக இல்லையென்றால், அந்தக் காருக்கு அந்த அளவு பொருந்தாது. இந்தச் சோதனைக்கு ஓர் அளவுநாடா போதும்.